மறு: ‘தகவமைவுப் பல்லூடக மீட்பு’க்கு மாற்றாகப் ‘பழகுதேடல்’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

படம், ஒலி, ஒளிப்பதிவுகளை ஆளுக்கேற்ப மாறித் தேடித் தரும் கருவிக்கு (adaptive multimedia retrieval) தமிழ்ப் பெயராகச் சென்னை நண்பர் போன வாரம் முன்வைத்த ‘பயனர்சார் தகவமைவுப் பல்லூடக மீட்பு முறைமை’யை இங்கே பினாங்கில் எங்கள் ஆட்களிடம் வாசித்துக் காட்டினேன். தைப்பூசப் படங்களையும் ஒளிப்பதிவுகளையும் திரட்டிக் கணினியில் ஏற்றுகிற நாலைந்து பேர் நாங்கள். வாசித்து முடிப்பதற்குள் ஒருவர், “மீட்பா? யார் ஆற்றில் விழுந்தது?” என்று கேட்டுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மலேசியாவில் மீட்பு என்றால் தீயணைப்பு மீட்புப் படை, இல்லாவிட்டால் அடகுக்கடை. ஆகவே ‘மீட்பு’ இங்கே எடுபடாது. தேடல் என்றே வைத்துக்கொள்வோம்.

தகராறு ‘தகவமைவு’ பற்றித்தான். சொல்லுக்குப் போகுமுன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடுகிறேன்.

நாங்கள் சோதிக்கிற தேடுகருவியில் சொல் எதுவும் தட்டத் தேவையில்லை. ஒரு படத்தைக் கொடுத்தால் அதைப் போன்றவற்றை எடுத்துத் தரும். தங்கத் தேரின் படத்தைக் கொடுத்தேன். (2017 முதல் தைப்பூசத்துக்குக் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிறதே, அதுதான். நகரத்தார் வெள்ளித் தேர் அதற்கு வெகுகாலம் மூத்தது.) முதல் சுற்றில் வந்தவை: தேர் இரண்டு, மஞ்சள் சேலையில் பால்குடம் ஏந்திய பெண்கள், ஒரு கூடை எலுமிச்சம்பழம், கோயில் வாசலில் நின்ற பள்ளிப் பேருந்து. பாவம், அதற்குத் தேர் தெரியாது, மஞ்சள்தான் தெரியும். எந்த நிறம் எவ்வளவு, எங்கே கோடு, எங்கே சொரசொரப்பு என்று படத்தை எண்களாகத்தான் வைத்திருக்கிறது. 1990களில் ஐபிஎம் நிறுவனத்தின் க்யூபிக் (QBIC) என்ற படத்தேடு கருவி வந்த காலத்திலிருந்தே உள்ள தலைவலி இது.

தேர் இரண்டுக்கும் சரி போட்டேன். எலுமிச்சைக்கும் பேருந்துக்கும் தவறு. இரண்டாம் சுற்றில் பேருந்து போயிற்று. மூன்றாம் சுற்றில் மஞ்சள் துளிகூட இல்லாத வெள்ளித் தேர் வந்து நின்றது! நான் தள்ளியவையும் மஞ்சள், கொண்டவையும் மஞ்சள். அப்படியானால் இந்த ஆள் தேடுவது நிறத்தை அல்ல என்று கணக்குப் போட்டு, நிறத்தின் எடையை, அதாவது கணக்கில் அதற்குத் தரும் முக்கியத்துவத்தை, குறைத்து உருவத்தின் எடையைக் கூட்டியிருக்கிறது.

இந்தக் கணக்கின் வேர் பழையது. சரி போட்டவற்றின் சராசரியை நோக்கித் தேடலை நகர்த்து, தவறு போட்டவற்றிலிருந்து விலக்கு. ரோக்கியோ என்ற ஆய்வாளர் 1971-இல் வெளியிட்டது இதைத்தான். கணினி அறிஞர் சால்ட்டனின் ஸ்மார்ட் என்ற தேடல் ஆய்வுத் திட்டத்தில் எழுத்து ஆவணங்களுக்காகப் பிறந்தது. எடையையும் சேர்த்து மாற்றும் வித்தையைப் படங்களுக்குக் கொண்டுவந்ததில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ஸ் (MARS) என்ற படத்தேடல் ஆய்வுத் திட்டத்துக்கு 1990களின் பிற்பகுதியில் பெரிய பங்கு உண்டு.

இதற்குத் ‘தகவமைவு’ பொருந்துமா? அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒட்டகத்தின் திமிலும் கள்ளியின் முள்ளும்தான் நினைவுக்கு வருகின்றன. அது தலைமுறை தலைமுறையாக நடப்பது, சூழலுக்காக நடப்பது. என் கருவி மாறியதோ நாலு அழுத்தலில், எனக்காக. ஓர் ஆளோடு ஒட்டி ஒட்டி அவர் போக்கைத் தெரிந்துகொள்வதற்குத் தமிழில் பழகுதல் என்றே பெயர். என் வீட்டருகே ஒரு மாமாக் கடை (இங்கே தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைக்கு அப்படித்தான் பெயர்). நான் நாற்காலியை இழுக்கும் சத்தத்திலேயே தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர், சீனி குறைச்சு, தயாராகிவிடும். அதைத் தகவமைந்த கடை என்று யாராவது சொல்வார்களா? பழகின கடை.

‘பழகுதேடல்’ வினைத்தொகை. பழகிய தேடல், பழகுகின்ற தேடல், பழகும் தேடல் என்று மூன்று காலத்தையும் விழுங்கிக்கொண்டு நிற்கிறது. நேற்றைய அழுத்தலை வைத்து இன்று மாறி, நாளையும் மாறப்போகிற கருவிக்கு இதைவிடப் பொருத்தமான தொகை எங்கே கிடைக்கும்? தேடுபொறியும் வினைத்தொகைதான், ஊறுகாயும் வினைத்தொகைதான். வினைத்தொகையில் ஒற்று மிகாது என்பதால் ‘பழகுத்தேடல்’ என்று எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. முழுப் பெயர் தேவைப்படும் இடத்தில் பல்லூடகப் பழகுதேடல்.

கோலாலம்பூர் ஆசிரியை அக்கா எழுதியது:

> இசைதல் என்றால் ஒத்துப்போதல்தானே தம்பி? ‘இசைதேடல்’ அழகாக இருக்கிறதே.

அழகுதான் அக்கா. ஆனால் பல்லூடகத்தில் பாட்டும் ஒரு பங்கு. ‘இசைதேடல்’ என்று பொத்தான் வைத்தால் எல்லாரும் நாதஸ்வரம் கேட்க வந்துவிடுவார்கள்.

சென்னை நண்பர்:

> எங்கள் ஊரில் வண்டி ஓட்டக் கற்பவருக்குப் ‘பழகுநர் உரிமம்’. பழகுதேடல் என்றால் தேடக் கற்றுக்கொள்ளும் பயிற்சி என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

இது கனமான மறுப்பு. இரண்டு நாள் யோசித்தேன். நடை பழகு என்றும் சொல்கிறோம், நாய் பழகிவிட்டது என்றும் சொல்கிறோம். முழுக்கத் தப்பிக்க வழியில்லை. ஆனால் மூன்று சுற்றுக்குப் பிறகு எந்தப் படத்துக்குச் சரி போட்டால் அது புரிந்துகொள்ளும் என்று நானும் கற்றிருந்தேன். பழக்கம் இரண்டு பக்கமும் நடந்தது. அந்த இரட்டைப் பொருளைக் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. குறை என்பவர்கள் எழுதுங்கள்.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி. போன மாதம் அண்ணி என் கணக்கிலேயே நுழைந்து, தான் மஞ்சள் சேலையில் பால்குடம் எடுத்த படத்தைத் தேடினார். வந்ததெல்லாம் தேர், தேர், தேர். “உன் கம்ப்யூட்டருக்கு என்னைக் கண்டாலே ஆகாதா?” என்று கேட்டார். கருவி எனக்குப் பழகியது, அவருக்குப் பழகவில்லை. ஒருவருக்கு அளவுக்கு மீறிப் பழகி வேறெதையும் காட்டாமல் போகும் நோய்க்குப் புதுச்சொல் தேட வேண்டாம், பழக்கதோஷம் என்று நம் பாட்டிமாரே வைத்துவிட்டார்கள்.

அப்புறம், கிளைச்சொற்கள். சரி, தவறு போடுவதற்குப் பின்னூட்டம் போதும், அதைக் கிளற வேண்டாம். சரியும் போடாமல் தவறும் போடாமல், ஒளிப்பதிவை எவ்வளவு நேரம் பார்த்தோம், எங்கே தாண்டினோம் என்பதை வைத்தே கருவி ஊகிக்கிறதே, அதற்கு யாரோ ‘மறைமுகப் பின்னூட்டம்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சப்பென்று இருக்கிறது. குறிப்பறிதல் என்று வைத்தால் என்ன? வள்ளுவர் இதே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார்: பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. சொல்லாததை முகம் பார்த்து அறிவதுதான் இரண்டிலும். கருவிக்கு முகம் தெரியாது, விரல் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சோதனைத் தளத்தில் இப்போதைக்குப் ‘பழகுதேடல்’ என்றே பொத்தானில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை படம் ஏற்ற வரும் பிள்ளைகளிடம் எதுவும் விளக்கப் போவதில்லை. எத்தனை பேர் “இது என்ன, அண்ணே?” என்று கேட்டார்கள் என்பதைத் திங்கட்கிழமை எழுதுகிறேன்.