சீவி போட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை, எங்கே பிழை? (அவசரம்)

கொக்குவில் மழை
வணக்கம். இதுவரைக்கும் வேலை கேட்டு 11 இடத்துக்குச் சீவி (CV) போட்டுவிட்டேன். ஒரு அழைப்பும் இல்லை. தகுதி எல்லாம் இருக்கிறது. சீவியில்தான் ஏதோ பிழை. வெள்ளிக்கிழமை இன்னொன்றுக்குக் கடைசி நாள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சுன்னாகச் சந்தி
என்ன வேலை தம்பி? அரசாங்கமா, தனியாரா? தபாலில் போட்டதா, இணையத்தில் போட்டதா? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.

பென்சன்காரர்
இந்தக் காலத்துப் பிள்ளைகள் கடைசியில் உறுதிமொழி எழுதுவதில்லை. 'மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன்' என்று எழுதி, திகதி போட்டு, கையொப்பம் வைக்க வேண்டும். உறவினரல்லாத இரண்டு பேரின் பெயர், முகவரியும் வேண்டும். கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயர். கந்தோரில் இருந்து விண்ணப்பம் பிரித்தவன் சொல்கிறேன்.

திண்ணைவாசி
ஐயா, உது வர்த்தமானியில் வருகிற அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கிற முறை. அங்கே அவர்கள் கேட்ட படிவத்தை அப்படியே நிரப்பினால் சரி, சீவியின் வடிவத்தை யார் பார்க்கிறார்கள்? தம்பி போட்டது கொம்பனிக்கு என்று நினைக்கிறேன்.

கரவெட்டியான்
போட்டோதான் பிழை. ஸ்டூடியோவில் எடுத்த நீலப் பின்னணிப் படத்தை ஒட்டியிருப்பீர்கள். எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

அகராதி அண்ணை
இந்தக் கேள்வி மாதத்தில் நாலு தரம் வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பொறுமை ஒருவருக்கும் இல்லை. முதலில் 'சீவி' என்று எழுதுவதை விடுங்கள். சுயவிவரக்கோவை என்று அழகான சொல் இருக்கிறது. தன் விவரத்தையே தமிழில் சொல்லத் தெரியாதவருக்கு வேலை எப்படிக் கிடைக்கும்?

கொக்குவில் மழை
தம்பி இல்லை, தங்கச்சி. கணக்கு உதவியாளர் வேலை. எல்லாம் கொழும்புக் கொம்பனிகள், இணையத்தில்தான் போட்டேன். எச்.என்.டி.ஏ. (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) முடித்துவிட்டு ஒரு வருடம் ரவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதினேன். படம் ஒட்டவில்லை. கொமினிகேஷன் கடையில் ரைப் பண்ணித் தந்தார்கள், மூன்று பக்கம். கையில் பிரிண்ட்தான் இருக்கிறது. அதைப் போனில் ஸ்கான் பண்ணி, பிடிஎப் ஆக்கித்தான் போடுகிறேன்.

நல்லூர் நட்டு
தங்கச்சி, கடைசியாகச் சொன்னதை முதலே சொல்லியிருக்கலாம். அந்தப் பிடிஎப்பை ஒரு கொம்பியூட்டரில் திறந்து, எல்லாவற்றையும் தெரிவு செய்து, கொப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்கள். என்ன வருகிறது?

கொக்குவில் மழை
ஒன்றும் வரவில்லை. வெறுமையாக இருக்கிறது.

நல்லூர் நட்டு
அதுதான். உங்கள் சீவி எழுத்து இல்லை, படம். கண்ணுக்குத்தான் எழுத்து மாதிரித் தெரியும். பெரிய கொம்பனிகள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் ஒரு மென்பொருள் வாசித்து பெயர், படிப்பு, அனுபவம் என்று பிரிக்கிறது. படத்தில் இருந்து அதற்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஆள் இருந்து 'எக்செல்' என்று தேடினாலும் உங்களுடையது வராது. வேர்டில் திரும்ப அடித்து, அதிலிருந்தே பிடிஎப்பாகச் சேமியுங்கள். இரண்டு நிரல், பெட்டி, அட்டவணை எல்லாம் வேண்டாம். சிலவேளை இடது பக்க வரியும் வலது பக்க வரியும் கலந்துவிடும். அடித்த பிறகு அதே நோட்பேட் சோதனை. கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள்.

சுன்னாகச் சந்தி
நட்டு சொன்னது சரி. ஆனால் மூன்று பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது? கடை வேலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்?

கொக்குவில் மழை
'கணக்கு வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்' என்று. மிச்சம் ஓ.எல்., ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு, மாணவர் தலைவி, வலைப்பந்து, கோயில் தொண்டு.

சுன்னாகச் சந்தி
ஒரு நாளைக்கு எத்தனை பில் பதிந்தீர்கள்? வங்கிக் கூற்றோடு பொருத்திப் பார்த்தது யார்?

கொக்குவில் மழை
60, 70 பில் வரும். பொருத்துவதும் நான்தான், எக்செலில். ஒருமுறை ஒரே காசோலை இரண்டு தரம் பதிவாகியிருந்ததைப் பிடித்தேன். முதலாளிக்கே தெரியாது.

சுன்னாகச் சந்தி
இதை ஒளித்து வைத்துவிட்டு வலைப்பந்தை எழுதியிருக்கிறீர்கள்! 'நாளொன்றுக்கு 60க்கு மேற்பட்ட பில்களைப் பதிந்தேன். மாத முடிவில் வங்கிக் கூற்றுடன் பொருத்தினேன். இருமுறை பதிவான காசோலையைக் கண்டு திருத்தினேன்.' ஆங்கிலத்தில் எழுதும்போதும் இப்படித்தான், செய்த வேலையும் எண்ணிக்கையும். கடை வேலை மேலே, எச்.என்.டி.ஏ. அடுத்து, ஏ.எல். ஒரே வரி. ஓ.எல். அட்டவணையைத் தூக்குங்கள்.

பென்சன்காரர்
ஓ.எல். கணித சித்தியைத் தூக்கச் சொல்வது அநியாயம்.

கரவெட்டியான்
பிறந்த திகதியும் வேண்டாம். வயதைப் பார்த்து ஒதுக்குவார்கள்.

திண்ணைவாசி
திகதியை எடுத்துவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை விட்டால் என்ன பயன்? 2016இல் இருந்து வருகிற 12 இலக்க அட்டையில் முதல் நாலும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். தெரிந்தவன் வாசித்துவிடுவான். கொம்பனிச் சீவிக்கு இரண்டும் தேவையில்லை, வேலைக்கு எடுத்த பிறகு கேட்பார்கள்.

பென்சன்காரர்
அகராதிக்கு ஒரு வார்த்தை. சுயவிவரக்கோவை அல்ல, சுயவிபரக்கோவை. இங்கே பத்திரிகை விளம்பரத்திலும் அப்படித்தான் வருகிறது.

அகராதி அண்ணை
பத்திரிகையில் வந்தால் சரியாகிவிடுமா? விவரம்தான் மூலம். விபரம் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது.

பென்சன்காரர்
கந்தோரில் இத்தனை வருடமும் விபரம் என்றுதான் எழுதினேன். ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.

நல்லூர் நட்டு
அண்ணைமாரே, பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அகராதி அண்ணை
அதற்காக வகரத்தைப் பகரமாக்க முடியாது.

கொக்குவில் மழை
மன்னிக்கவும், வேலையாகப் போய்விட்டேன். கொமினிகேஷனில் பழைய கோப்பை அழித்துவிட்டார்களாம். சித்தப்பாவின் மடிகணினியில் நேற்று இரவு திரும்ப அடித்தேன், ஒன்றரைப் பக்கம் வந்தது. நோட்பேடில் எல்லாம் ஒழுங்காக விழுகிறது. காசோலைக் கதையையும் எழுதினேன். இன்று காலை அனுப்பிவிட்டேன், எல்லோருக்கும் நன்றி. கோப்பின் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். 'புதிய சீவி கடைசி 3' என்றே போய்விட்டது.