ஐன்சீடெல்னில் புனித மைன்ராடைத் தேடிப் போன அனுபவம்

சுவிற்சர்லாந்தில் வாழும் நம்மவர்களுக்கு பெனடிக்ட் சபை மடமும் பேராலயமும் உள்ள யாத்திரைத் தலமான ஐன்சீடெல்ன் என்றவுடன், அங்குள்ள கறுத்த மாதா சுரூபமே நினைவுக்கு வருகிறது. இலங்கையில் மடு மாதா திருத்தலத்துக்குப் போவது போலவே இங்கும் கத்தோலிக்கரும் சைவரும் குடும்பமாகப் போய் மெழுகுதிரி ஏற்றி, நேர்த்தி வைத்து, முன்றலில் உள்ள ஊற்றின் 14 குழாய்களிலும் நீர் அருந்திவிட்டு வருகிறோம். ஆனால் பேராலயத்துக்குள் மாதாவின் சிற்றாலயம் நிற்கும் இடம் 9ஆம் நூற்றாண்டில் தனியே தவம் செய்த புனித மைன்ராடின் குடில் இருந்த இடம் என்பதும், அவருடைய மண்டையோடு அந்தப் பலிபீடத்திலேயே, மாதாவின் காலடியில் பேணப்படுகிறது என்பதும் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

அவரை எண்ணியே ஒரு முறை போகவேண்டும் என்ற ஆசையில் கடந்த வசந்த காலத்தில் ராப்பர்ஸ்வில்லில் இருந்து நடந்தேன். சூரிச் ஏரியை மரப்பாலத்தால் கடந்து, பெஃபிக்கோனில் இருந்து எட்செல் கணவாய்க்கு ஏறும் பாதை அது, ஏற்றம் கடினமானது. கணவாயின் உச்சியில் புனிதரின் பெயரால் ஒரு சிற்றாலயம் உண்டு. ரைக்கெனாவ் மடத்தின் பெனடிக்ட் சபைத் துறவியான அவர் 828ஆம் ஆண்டளவில் இங்குதான் முதலில் தங்கினார். ஆறுதலும் ஆலோசனையும் நாடி மக்கள் திரளத் தொடங்கியதால் தனிமை கெட்டு, சில ஆண்டுகளில் இன்னும் உள்ளே, இருண்ட காடு எனப்பட்ட, இன்று ஐன்சீடெல்ன் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டார்.

அங்கே செபித்துக்கொண்டிருந்த வயோதிபப் பெண்மணி ஒருவர், நான் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்துத் தம் பையில் இருந்த பாணில் பாதியைப் பிய்த்துத் தந்தார். தம்முடைய தாயார் வாசலுக்கு வந்த எவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை என்றும், காரணம் கேட்டால் மைன்ராடின் பெயரைச் சொல்வார் என்றும் கூறினார். அந்த வணக்கத்தின் வேர் புனிதரின் மரணத்திலேயே இருக்கிறது. 861ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், குடிலில் செல்வம் இருக்கும் என்று நம்பி இரு கள்வர் வந்தபோது, அவர்களின் நோக்கத்தை உணர்ந்திருந்தும் அவர் உணவும் பானமும் கொடுத்து உபசரித்தார் என்றும், அவர்கள் அவரை அடித்துக் கொன்றார்கள் என்றும், அவர் வளர்த்த இரண்டு அண்டங்காகங்கள் கொலைகாரரைச் சூரிச் வரை துரத்திக் காட்டிக்கொடுத்தன என்றும் மரபுக் கதை சொல்கிறது. ஐன்சீடெல்ன் மடத்தின் சின்னத்தில் அந்தக் காகங்கள் இன்றும் இருக்கின்றன. விருந்தோம்பலின் மறைசாட்சி என்று அவரை அழைக்கிறார்கள்; எத்தனையோ தவமுனிவரின் வரலாறுகளைப் படித்திருந்தும், தனிமையைத் தேடி ஓடிய ஒருவருக்கு இப்படியொரு பட்டம் வாய்த்தது என்னை ஆழமாகத் தொட்டது.

அவருடைய உடல் முதலில் ரைக்கெனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1039இல் ஐன்சீடெல்னுக்குத் திரும்பியது. 934இல் எபர்ஹார்ட் என்பவர் அங்கே நிறுவிய மடத்தின் துறவிகள் இன்றும் மாலைச் செபம் முடிந்ததும் அந்தச் சிற்றாலயத்தின் முன் வந்து மாதாவை நோக்கிய 'கிருபை தயாபத்து' (Salve Regina) செபத்தை இலத்தீனில் பாடுகிறார்கள். அதைக் கேட்டபின், மாதாவுக்கு ஒன்றும் மைன்ராடுக்கு ஒன்றுமாக மெழுகுதிரி ஏற்றினேன். அடுத்த முறை போகிறவர்கள், உடல்நிலை இடங்கொடுத்தால், எட்செல் வழியாக நடந்து போங்கள். முடியாதவர்கள் ஜனவரி 21இல், அவருடைய திருநாள் பூசைக்காவது போய்வாருங்கள்.