அம்மா மடியிலேயே இருந்துகொண்டு "அம்மா வேணும்" என்று கத்தினாள்

நெல்லை அப்பா:
போன மாதம் என் நாலு வயது மகளுக்கு அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) ஆபரேஷன். தியேட்டருக்குள் என்னையும் விட்டார்கள். மடியில் வைத்துக்கொண்டேன். "பலூன் ஊது பாப்பா" என்று மாஸ்க்கை வைத்தார் மயக்க டாக்டர். பத்துப் பதினைந்து மூச்சுதான். கண் மேலே சொருகியது, கை கால் வெடுக் வெடுக்கென்று இழுத்தது, அப்புறம் ஈரத்துணி மாதிரி தொங்கிவிட்டாள். "வழக்கம்தான் சார், வெளியே இருங்க" என்றார்கள். எனக்குக் கால் நகரவில்லை.

தெளிந்த பிறகு அதைவிட மோசம். கண் திறந்திருக்கிறது, பார்வை எங்கள் மேல் இல்லை. மருந்து ஏற்றக் கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறாள். அம்மா மடியில் கிடந்தபடியே "அம்மா வேணும்" என்று அலறுகிறாள். இருபது நிமிடம். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் தூங்கி எழுந்து ஐஸ்கிரீம் கேட்டாள். கத்தியது எதுவும் அவளுக்கு நினைவில்லை. வேறு யாருக்காவது இப்படி?

மயக்க டாக்டர்:
எமர்ஜன்ஸ் டெலிரியம் என்போம், மயக்கம் தெளியும்போது வரும் குழப்பம். பள்ளிக்குப் போகும் முன்னான வயதில் அதிகம், அதுவும் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்தால். கண் விழித்துவிடும், ஆளை அடையாளம் காணும் தெளிவு பின்னால்தான் வரும். வலியாலும் இப்படிக் கத்துவார்கள், அதனால் முதலில் வலியைத்தான் பார்ப்போம்.

மயக்கம் என்றால் மூளையை சுவிட்ச் போட்டு அணைத்த மாதிரி என்று நினைப்பவர்கள் ஒரு தரம் மூளையின் மின் அலைகளைக் காட்டும் ஈஈஜி திரையைப் பார்க்க வேண்டும். நெற்றியில் சென்சார் பட்டை ஒட்டினால் அலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு மெதுவான பெரிய அலை, அதன் மேலேயே நொடிக்கு 8 முதல் 12 தடவை துடிக்கும் ஆல்ஃபா அலை. படிக்கும் காலத்தில் இரண்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு ஒட்டிவிட்டு ஆல்ஃபாவைத் தேடினேன், காணோம். பட்டை சரியில்லை என்று பிய்த்து மறுபடி ஒட்டினேன். சீனியர் சிரித்துவிட்டார். அந்த வயதில் அது இருக்கவே இருக்காது. நாலு மாத வாக்கில்தான் தலைகாட்டும், முன்பக்கம் முழுக்க ஒன்றாக அடிக்கப் பத்து மாதம் ஆகும். பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டது இது. மயக்கத்தின் ஆழத்தைச் சொல்ல, பெரியவர்களை வைத்துக் கணக்குப் போட்ட மானிட்டர் எண்ணைக் கைக்குழந்தையிடம் நான் நம்புவதில்லை.

குட்டிப்பையன் அம்மா:
எங்கள் பையனுக்கு மூன்றாம் மாதத்தில் ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன். "மயக்கம் குடுத்தா புத்தி மந்தமாயிடும்" என்று மாமியார் ஒரே பிடி. டாக்டர் பொறுமையாக ஒரு ஆய்வைச் சொன்னார். ஏழு நாடுகளில் 722 குழந்தைகள், எல்லாருக்கும் ஹெர்னியாதான். ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறு பாதிக்கு விழித்தபடியே முதுகில் ஊசி. ஐந்து வயதில் சோதித்தபோது ஐக்யூவில் வித்தியாசம் இல்லை, 2019-ல் வந்த முடிவு. ஆனால் அது ஒரே தடவை, சுமார் ஒரு மணி நேர மயக்கத்துக்கு மட்டும் என்றும் அவரே சொன்னார். மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேலோ, பல தடவையோ என்றால் யோசிக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-ல் எச்சரித்திருக்கிறதாம். எங்களுக்கு நாற்பது நிமிடம். மாமியார் இன்னும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார், அது வேறு கதை.

நெல்லை அப்பா:
டாக்டர், இவளுக்கு டான்சிலும் எடுக்க வேண்டி வரலாம் என்கிறார்கள். இந்த மாதிரி கத்தினாள் என்று முன்கூட்டியே சொல்லலாமா?

மயக்க டாக்டர்:
கட்டாயம் சொல்லுங்கள். தெரிந்தால் முடிக்கும்போது கொஞ்சம் புரொபோஃபால் என்ற மயக்க ஊசி மருந்து கொடுத்து மெதுவாக எழுப்பப் பார்ப்பார்கள்.