பொருள்: மறு: கோடிங் ஏஜென்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களே,

தானே நிரல் எழுதித் திருத்தும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான கோடிங் ஏஜென்ட்டுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> "தன்னாட்சி நிரலாக்க முகவர்" என்றே வைத்துக்கொள்ளலாம். முகவர் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே?

புழக்கத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. காப்பீட்டு முகவர், வாக்குச்சாவடி முகவர், இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர். எல்லாரும் ஆட்கள். என் தயக்கமும் அதுதான். சொல்லைத் தனியாகப் பார்த்தால் குறை தெரியாது. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். "முகவர் கோப்பைத் திருத்தினார், சோதனையை ஓட்டினார்." தமிழில் எழுவாய் தன் திணையை வினைமுற்றிலும் ஏற்றிவிடும். "முகவர் அழித்துவிட்டது" கண்ணை உறுத்துகிறது. "அழித்துவிட்டார்" என்றாலோ, யாரோ ஊழியர் செய்த காரியமாகிவிடுகிறது.

இதை வெறும் இலக்கணப் பிடிவாதம் என்று தள்ளிவிட வேண்டாம். 2025 ஜூலையில், நிரல் எழுத உதவும் ரெப்ளிட் தளத்தின் ஏஜென்ட், மாற்றம் எதுவும் செய்யக்கூடாது என்று பயனர் சொல்லியிருந்தும், நடப்பில் இருந்த தரவுத்தளத்தை அழித்தது. ஏற்க முடியாதது என்று நிறுவனத் தலைவரே சொன்னார். அந்தச் செய்தியைத் தமிழில் "முகவர் அழித்தார்" என்று எழுதினால் பொறுப்பு யார் தலையில் போய் உட்காரும்? கருவியை விட்ட நிறுவனமும், அதற்கு அனுமதி கொடுத்தவரும் பின்னால் மறைந்துகொள்வார்கள். அஃறிணை முடிவு தமிழுக்கு இருக்கும் ஒரு வசதி. அதை ஏன் கைவிட வேண்டும்?

அப்புறம், எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதிலும் இழையில் குழப்பம் இருக்கிறது. 2021-இல் வந்த கிட்ஹப் கோபைலட் தொடக்கத்தில் நாம் எழுதும் நிரல் வரியை முடித்துக் கொடுத்தது. அது இந்த இனம் இல்லை. கிளாட் கோடு, கோடெக்ஸ், திறமூலத்தில் ஓப்பன்ஹேண்ட்ஸ் போன்றவற்றிடம் வழு (நிரல் பிழை) அறிக்கையைக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போகலாம். நிரல் களஞ்சியத்தில் தேடி, கோப்புகளைப் படித்து, திருத்தி, கட்டளை முனையத்தில் சோதனைகளை ஓட்டி, வந்த பிழைச்செய்தியைப் பார்த்து மறுபடி திருத்தும். இந்தச் சுற்றுதான் அடையாளம்.

சுற்றின் மதிப்பு, நிரல் சிக்கல்களைத் தீர்க்கும் திறனை அளக்கும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் தேர்விலேயே தெரிந்தது. பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2023-இல் கொண்டுவந்தது. ஜாங்கோ உள்ளிட்ட 12 பைத்தான் திட்டங்களிலிருந்து எடுத்த 2,294 நிஜமான சிக்கல்கள். திருத்தம் சோதனைகளில் தேறினால்தான் மதிப்பெண். சுற்று இல்லாமல், தேவையான கோப்புகளைத் தேடிக் கொடுத்து ஒரே மூச்சில் விடை கேட்டபோது அன்றைய முன்னணி மொழி மாதிரி தீர்த்தது 1.96 விழுக்காடு. 2024 மார்ச்சில், சுற்றுக்குள் இயங்கும் டெவின் என்ற ஏஜென்ட், அதே தேர்வின் ஒரு பகுதியில் 13.86 விழுக்காடு தீர்த்ததாக அதை உருவாக்கிய காக்னிஷன் நிறுவனம் அறிவித்தது. ஆகவே நம் சொல்லில் "அறிவு" வராவிட்டாலும் பரவாயில்லை, "செய்தல்" வர வேண்டும்.

> முகவர் வேண்டாம் என்றால் முகவி?

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் தலைவர்–தலைவி, துணைவர்–துணைவி வரிசையில் இது பெண் முகவராகத்தான் காதில் விழும். உலாவி, வழங்கி, திருத்தி எல்லாம் வினையடியில் பிறந்தவை, அதனால் அவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

"ஏவலி"யையும் ஒருவர் சொன்னார். ஏவல் என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறதே! (சில நாள் இந்தக் கருவிகள் நடந்துகொள்வதைப் பார்த்தால் பொருத்தம்தான் என்றும் தோன்றும்.) "தானியங்கி"யைத் தமிழ் விக்கிப்பீடியா, பாட் (bot) எனப்படும் தானாக இயங்கும் நிரல்களுக்கு எடுத்துக்கொண்டது. அவை பெரும்பாலும் சொன்ன வேலையைச் சொன்ன வரிசையில் செய்பவை. இங்கே வரிசையைக் கருவியே தீர்மானிக்கிறது. "தன்னாட்சி" என்றால் கல்லூரி விளம்பரம்தான் கண்ணில் நிற்கிறது, அந்த அடைமொழி இல்லாமலே பொருள் விளங்கும்.

என் முன்மொழிவு: வினையாற்றி. நிரலுக்கு உரியதைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் நிரல் வினையாற்றி. எதிர்வினையாற்றுதல் நாளிதழிலேயே வருகிறது. வினையூக்கியைப் பள்ளி வேதியியலில் எல்லாரும் படித்திருக்கிறோம், அதை யாரும் ஆளாக நினைத்ததில்லை. வேற்றுமை உருபும் சிரமமில்லாமல் ஏறுகிறது: "வினையாற்றிக்கு எழுதும் அனுமதி கொடுக்காதே", "மூன்று வினையாற்றிகளைத் தனித்தனிக் கிளைகளில் ஓடவிட்டேன்", "வினையாற்றி அனுப்பிய திருத்தத்தை நான் படித்துப் பார்த்து இணைத்தேன்". கடைசி வாக்கியத்தில் இணைத்தது நான் என்பது வினைமுற்றிலேயே தெரிகிறது.

நீளம் ஒரு குறைதான். பேச்சில் ஏஜென்ட் என்றுதான் சொல்லப்போகிறோம், நானும் அப்படித்தான். ஆவணத்துக்கும் இடைமுகத்துக்கும் ஒரு சொல் வேண்டுமே என்பதற்காகத்தான் இவ்வளவும்.

துணை ஏஜென்ட்டுக்குத் துணை வினையாற்றி சரியாக வருகிறது. "ஏஜென்டிக்" என்ற அடைமொழிக்கு மட்டும் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. "வினையாற்றும்" என்று பெயரெச்சமாகவே விட்டுவிடலாமா?