நியூட்ரோபில் விகிதம் ஏறுகிறது: கீமோவுக்கு முன் மறு பயாப்சி தேவையா?

என் அம்மாவுக்கு நான்காம் நிலை நுரையீரல் அடினோகார்சினோமா (ஒரு வகை நுரையீரல் புற்றுநோய்). இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றங்கள் இல்லை, புற்றுநோய் செல்களில் பிடி-எல்1 என்ற புரதம் 60 சதவீதம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மி.கி. பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு சிகிச்சை மருந்து பெற்றதில் ஆறு மாதங்கள் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஒன்பதாம் மாத சி.டி. ஸ்கேனில் அது மீண்டும் வளர்ந்திருந்தது. இப்போது மூன்றாம் படியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறார்.

பழைய இரத்த அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம் (இரத்தத்தின் இரண்டு வகை வெள்ளையணுக்களின் விகிதம்) ஸ்கேனுக்கு முன்பே 2.8இலிருந்து 7.1 ஆக ஏறியிருந்தது தெரிந்தது. தொற்றும் ஸ்டீராய்டும்கூட இதை உயர்த்தும் என்பதால் விசாரித்தோம், இரண்டும் இல்லை. நோயெதிர்ப்பு செல்கள் திரண்டு கட்டி பெரிதாகத் தெரிகிறதோ என்று ஐந்து வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தோம்; வளர்ச்சி உறுதியானது.

மருத்துவர் கீமோதெரபியைச் சேர்க்கலாம் என்கிறார். அதற்கு முன் மறு பயாப்சி செய்து, அதன் முடிவால் சிகிச்சை மாறிய அனுபவம் யாருக்கேனும் உண்டா?