ஒரு குழலில் ரவை, இன்னொன்றில் குண்டு: அப்பா சொல்லும் துப்பாக்கி நிஜமா?

செந்தூல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் துப்பாக்கியைக் கையால் தொட்டவன் இல்லை. கோலாலம்பூரில் லாரி கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இந்தக் கேள்வி அப்பாவுக்காக.

அப்பாவுக்கு 82 வயது. நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1960-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரத் துரை வேட்டைக்குப் போகும்போது பின்னாலேயே தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாராம். அந்தத் துரையிடம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல் வைத்த துப்பாக்கி இருந்ததாம். வலது குழலில் ரவை, அதாவது சின்னச் சின்ன ஈயக் குண்டுகள், இடது குழலில் ஒற்றைக் குண்டு. "பச்சைப்புறா வந்தா வலது, பன்னி வந்தா இடது" என்று கையை நீட்டிக் குறிபார்த்தே காட்டுவார்.

போன தீபாவளிக்கு என் மச்சான், "மாமா, ரெண்டு குழல்னா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டான். அப்பா அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்படி ஒரு துப்பாக்கி உண்டா? உண்டென்றால் அவ்வளவு வசதியான சாமானை இங்கே ஏன் யாரிடமும் பார்க்க முடியவில்லை?

பழைய கிராணி:

தம்பி, முதலில் அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள் மச்சானை. அந்தத் துப்பாக்கி உண்டு.

ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்கிறார்கள். ஒரு குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும், அதில் ரவைத் தோட்டா. மற்றதில் திருகுத் தடம் வெட்டியிருக்கும், அதில் ரைஃபிள் தோட்டா. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆங்கிலேயர்கள் கேப் கன் என்பார்கள். தென்னாப்பிரிக்காவுக்குப் போன வெள்ளைக்காரர்களிடம் அது நிறையப் புழங்கியதால் வந்த பெயர். மூன்று குழல் இருந்தால் ட்ரில்லிங். ஜெர்மன் மொழியில் ட்ரை என்றால் மூன்று. அமெரிக்காக்காரன் ஏழை விவசாயிக்கென்று மேலே .22 ரைஃபிள் குழல், கீழே .410 ரவைக் குழல் வைத்து மலிவாகச் செய்தான். சாவேஜ் 24 என்று பெயர், 1950-லிருந்து வெகுகாலம் ஓடியது.

ஆனால் ஒரு சந்தேகம். பாரடாக்ஸ் என்று இன்னொரு சாதி உண்டு. ஃபாஸ்பெரி என்ற ராணுவ அதிகாரி 1885-ல் காப்புரிமை வாங்க, லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி செய்தது. அதில் இரண்டு குழலுமே ரவைக் குழல்தான், வாய்ப்பக்கம் கடைசி இரண்டு அங்குலம் மட்டும் திருகுத் தடம் இருக்கும். ரவையும் சுடலாம், கனத்த குண்டும் சுடலாம். இந்தியாவில் வேட்டையாடிய துரைமார்களுக்கு அதன்மேல் உயிர். அப்பாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பையில் இருந்த தோட்டாக்கள் எல்லாம் ஒரே தடிமனா, இல்லை இரண்டு விதமா?

இங்கே ஏன் இல்லை என்ற கதைக்கு வருவோம். என்னிடம் இருந்தது லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர் (குழல் அளவு) ரவைத் துப்பாக்கி, மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்பார்களே, அந்த மடக்குத் துப்பாக்கி. இருபத்திரண்டு வருடம் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றுவது என் தலையெழுத்து. செம்பனை மரத்துக்கு மரம் ஏறக்குறைய ஒன்பது மீட்டர். ராத்திரி டார்ச் அடித்தால் மூன்று மரம் தள்ளி வரைக்கும்தான் பன்றியின் கண் தெரியும், அதற்கு அப்பால் மட்டையும் இருட்டும். இருபத்தேழு மீட்டருக்கு ரைஃபிள் எதற்கு? ஒன்பது ரவை உள்ள எஸ்ஜி தோட்டா ஒன்று போதும், அது விரிந்து சிதறுவதற்குள் பன்றி விழுந்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம், தோட்டத்தில் ஆள் நடமாட்டம். விடிகாலை ஐந்தரைக்கே பெண்கள் தலைவிளக்கோடு பால் வெட்டக் கிளம்பிவிடுவார்கள். சாதாரண .22 குண்டே ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். குறி தப்பினால் யார் பதில் சொல்வது?

ரைன்கரை:

நான் பினாங்குக்காரன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்று வேலைக்காக ஜெர்மனிக்கு அனுப்பியது, நான்கு வருடம் இருந்தேன். கூட வேலை செய்தவர் ஒருவர் வேட்டைக்காரர். நவம்பரில் கோலால் புதரைத் தட்டி விலங்கை விரட்டும் ஆளாக என்னையும் கூட்டிப் போவார். கூலி, கடைசியில் ஒரு கிண்ணம் பட்டாணி சூப்.

ஐயா சொன்னது இங்குள்ள நியாயம். அங்கே கதை வேறு. குளம்புள்ள விலங்கை, அதாவது மான், காட்டுப்பன்றியை, ரவையால் சுடவே கூடாது என்று அவர்களுடைய வேட்டைச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒரே வயலில் காலையில் முயலும் ஃபெசண்ட் கோழியும் எழும்பும், பத்து நிமிடம் கழித்துப் பன்றி வரும். முயலுக்கு ரவை, பன்றிக்குக் குண்டு. இரண்டு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு யார் சேற்றில் நடப்பது?

அவர் வைத்திருந்தது தாத்தா காலத்து ட்ரில்லிங். மேலே இரண்டு ரவைக் குழல், நடுவில் அடியில் ரைஃபிள் குழல். மூன்று குழலுக்கும் விசை இரண்டுதான். கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு நகர்த்தி இருக்கும். அதை முன்னால் தள்ளினால் முன்விசை ரைஃபிளுக்கு மாறும், குழலின்மேல் படுத்திருக்கும் குறிக்கண்ணியும் தானாக எழுந்து நிற்கும். அந்தக் கைவேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பயன்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. ஒருநாள் பெரிய பன்றி ஒன்று நான் விரட்டிய பக்கமே வந்தது. அவர் ஃபெசண்டுக்குத் தயாராக நின்றிருந்தார். கையுறை போட்ட விரலால் நகர்த்தியைத் தேடித் தள்ளுவதற்குள் பன்றி தார்ச்சாலை தாண்டிப் போய்விட்டது. அவர் கோபத்தில் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அப்புறம் ரைஃபிள் குண்டு ஒன்றே ஒன்றுதான், தவறினால் மடக்கித் திறந்து மறுபடி போட வேண்டும். குழல்களை ஒன்றாகப் பற்றவைத்திருப்பதால் அடுத்தடுத்துச் சுட்டுச் சூடேறினால் குறியும் நகர்ந்துவிடும். எடையும் கூடுதல். தொலைநோக்கி மாட்டினால் பறவைக்குத் தூக்கிப் பிடிக்க வராது.

வேட்டைப்பிரியன்_கே‌எல்:

யூடியூபில் ஒரு அமெரிக்கர் இதை உயிர்காக்கும் துப்பாக்கி என்றார். ரஷ்யாக்காரர்கள் விண்வெளிக்கே கொண்டுபோனார்களாமே? எனக்கும் ஆசை வந்துவிட்டது. இங்கே வாங்க என்ன வழி?

பழைய கிராணி:

விண்வெளிக் கதை உண்மைதான். 1965-ல் லியோனோவ், பெல்யாயெவ் என்ற ரஷ்ய விண்வெளி வீரர்கள் இறங்க வேண்டிய இடம் தப்பிப் பனிக்காட்டில் இரண்டு ராத்திரியைக் கழித்தார்கள். பிறகு வந்த டிபி-82 என்ற மூன்று குழல் கைத்துப்பாக்கி அந்த அனுபவத்தால் பிறந்தது. இரண்டு ரவைக் குழல், ஒரு ரைஃபிள் குழல், பிடிக்கட்டையைக் கழற்றினால் அதுவே வெட்டுக்கத்தி.

நீங்கள் ஓநாய் நடமாடும் பனிக்காட்டிலா இறங்கப் போகிறீர்கள்? 1960 ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவர் கையெழுத்தில்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது. எங்கள் பன்னிரண்டு போருக்கே தோட்டா எண்ணிக்கை வரைக்கும் கணக்குக் கேட்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோடு பிடிபட்டால் 1971 சட்டப்படி பதினான்கு வருடம் வரை உள்ளே, ரோத்தான் என்ற பிரம்படியும் உண்டு. சும்மா இருங்கள்.

செந்தூல்காரன்:

ஐயா, அப்பாவிடம் போனில் கேட்டேன். கேள்வி முடியும் முன்பே, "ரெண்டு விதம்" என்றார். தடியானது அட்டைத் தோட்டாவாம், மழையில் நனைந்தால் ஊதிக் குழலுக்குள் போகாதாம். அதனால் மெழுகுத்துணியில் சுற்றி வைப்பாராம். ஒல்லியானது முழுப் பித்தளை. சுட்டபின் அதைத் துரை தூக்கிப் போடுவார், லயத்துப் பிள்ளைகள் பொறுக்கி விசில் ஊதுவார்களாம்.

அப்புறம், "நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கே, பார்க்கலியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி மேடையில் அம்மா காலத்திலிருந்து ஊதுபத்தி செருகி வைக்கும் பித்தளைக் குழாய் அதுதான். நாற்பது வருடமாகக் கும்பிட்டிருக்கிறேன்! அக்காவை ஸ்கேலால் அளக்கச் சொன்னேன். நீளம் 74 மில்லிமீட்டர். அடியில் விளிம்பு இருக்கிறது. வாய் உள்ளளவு ஒன்பதுக்குச் சற்று மேல் என்றாள்.

பழைய கிராணி:

அப்படியென்றால் பாரடாக்ஸ் இல்லை. அது 9.3×74ஆர் ஆக இருக்கத்தான் வாய்ப்பு. மடக்குத் துப்பாக்கிக்கென்றே விளிம்பு வைத்துச் செய்த ஜெர்மன் தோட்டா, பன்றிக்குத் தாராளம். துரை ஆங்கிலேயராக இருந்தாலும் துப்பாக்கி ஜெர்மன் கைவேலை போலிருக்கிறது.

படம் எதுவும் இங்கே போட வேண்டாம் தம்பி. காலிக் கூடுதான் என்றாலும் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மச்சானிடம் மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஊதுபத்தியை எடுத்துவிட்டு.