பி0420: பின் சென்சார் செத்ததா, இல்லையா?

கிரீஸ்_கை:
பி0420 என்பது, சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் போடும் கோளாறு எண். ஆக்ஸிஜன் சென்சார் அந்தக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். நேற்று இங்கே ஒரு மேதாவி, "பி0420 வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பின் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுங்கள், லைட் அணைந்துவிடும்" என்று எழுதியிருந்தார். அதற்கு லைக் வேறு. அதைப் போன மாதமே இன்னொருவர் வாயால் கேட்டு 3,800 ரூபாய் கொடுத்து மாற்றியவன் நான். வண்டி 2014 மாடல், 1.2 பெட்ரோல், 1,12,000 கிலோமீட்டர். மாற்றின மூன்றாம் நாள், பரனூர் டோல் தாண்டியதும் மீட்டரில் அந்த மஞ்சள் என்ஜின் பொம்மை மறுபடி எரிந்தது. அதே பி0420. ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடுகிறது, பின் சென்சார் 0.7 வோல்ட்டில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. இப்போது சொல்லுங்கள் மேதாவி.

ஸ்பானர்_30வருடம்:
அந்த மேதாவி நான்தான் தம்பி. பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுகூடப் புரியவில்லை. 0.7-ல் அசையாமல் நிற்கிறதா? அசையாத சென்சார் செத்த சென்சார். உயிர் இருந்தால் அசையும். உங்கள் தலையில் கட்டியது டூப்ளிகேட். 3,800-க்கு ஒரிஜினல் எந்த ஊரில் கிடைக்கிறது?

மல்டிமீட்டர்:
ஐயோ. முன் சென்சார் ஆட வேண்டும், பின் சென்சார் ஆடக் கூடாது, அதுதான் விஷயமே. நடுவில் இருக்கிற கன்வெர்ட்டர் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்து விடுவதால்தான் பின்னால் கோடு நேராக வருகிறது. பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரியே ஆட ஆரம்பித்தால் கன்வெர்ட்டர் போச்சு என்று அர்த்தம். சென்சாரே செத்திருந்தால் பி0136-லிருந்து பி0141-க்குள் ஏதாவது வந்திருக்கும், பி0420 ஏன் வரப்போகிறது?

ஸ்பானர்_30வருடம்:
அம்மணி, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நேர்கோடு என்றால் கன்வெர்ட்டர் நல்லது என்கிறீர்கள். நல்ல கன்வெர்ட்டருக்கு பி0420 ஏன் வந்தது? பதில் இருக்கிறதா? 0.7. அசையவில்லை. செத்துவிட்டது. முடிந்தது.

மல்டிமீட்டர்:
அம்மணி என்று கூப்பிட வேண்டாம், எனக்குப் பெயர் இருக்கிறது, மேலேயே தெரிகிறது. பதிலும் இருக்கிறது. அந்த 0.7 எப்போது எடுத்தது? நிற்கும்போதா, ஓடும்போதா?

கிரீஸ்_கை:
வீட்டு வாசலில், ஐடிலிங்கில்.

மல்டிமீட்டர்:
அவ்வளவுதான். ஐடிலிங்கில் அரை உயிர் கன்வெர்ட்டர்கூட நேர்கோடு காட்டும். ரோட்டில் ஒரே சீராக 70-ல் ஐந்து நிமிடம் ஓட்டி, பக்கத்து சீட்டில் யாரையாவது உட்கார வைத்து கிராஃப் பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் மேல் சந்தேகம் என்றால் ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது 0.9 பக்கம் ஏறி, விட்டதும் 0.1-க்கு விழுந்தால் உயிரோடு இருக்கிறது.

மதுரை_ரோடு:
எல்லாம் இந்த 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பண்ணுகிற வேலை. பழைய வண்டியை எல்லாம் கொல்கிறார்கள். எங்கள் தெருவில் நாலு வண்டிக்கு லைட் எரிகிறது.

கிரீஸ்_கை:
அண்ணே, உங்களுடையது டீசல் வண்டி என்று போன வாரம்தானே எழுதினீர்கள்?

மதுரை_ரோடு:
என் மச்சான் வண்டி பெட்ரோல். அதைப் பற்றிப் பேசக் கூடாதா? இங்கே யாரும் அரசாங்கத்தைக் கேட்க மாட்டீர்கள், சென்சாரைத்தான் கேட்பீர்கள்.

மல்டிமீட்டர்:
எத்தனாலால் கலவை மெலிந்தால், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல் போனால், முதலில் பி0171 வரும். இது பி0420. இரண்டும் வேறு வேறு.

ஸ்பானர்_30வருடம்:
அதை விடுங்கள். 0.7-க்கு வாருங்கள். நான் கையால் கழற்றிய சென்சார் எத்தனை தெரியுமா? துருப்பிடித்து மேனிஃபோல்டோடு ஒட்டிக்கொண்டதை டீசலில் ஊற வைத்து, சூடு காட்டி, 22 நம்பர் ஸ்பானர் போட்டுத் திருப்பியவன் நான். கிராஃப் பார்த்து யாரும் வண்டி சரி பண்ணியதில்லை. அசையாதது செத்தது.

வண்டலூர்_வாசி:
ஒரு சின்னக் கேள்வி. வண்டி என்ஜின் ஆயில் குடிக்கிறதா?

கிரீஸ்_கை:
கொஞ்சம். ஒன்றரை மாதத்துக்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறேன். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சைலன்சரில் நீலப் புகை லேசாக வரும், அப்புறம் நின்றுவிடும். பழைய வண்டிதானே.

வண்டலூர்_வாசி:
அப்படியானால் ஆயில் சிலிண்டருக்குள் போகாமல் தடுக்கிற வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கலாம். எரிகிற ஆயிலில் இருக்கிற பாஸ்பரஸ் கன்வெர்ட்டரில் படிந்து அதைக் கொன்றுவிடும். அதைச் சரி பண்ணாமல் புது கன்வெர்ட்டர் போட்டாலும் அதே கதிதான்.

ஸ்பானர்_30வருடம்:
ஆயிலுக்கும் 0.7-க்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாற்றாதீர்கள். போன தீபாவளிக்கு பேட்டரி விவாதத்திலும் இவர் இப்படித்தான் நடுவில் வந்து குழப்பினார், நான் மறக்கவில்லை.

வண்டலூர்_வாசி:
அந்த விவாதத்தில் நான் எழுதவே இல்லை ஐயா.

ஸ்பானர்_30வருடம்:
வேறு பெயரில் எழுதினீர்கள். எழுத்து நடை தெரியும்.

மல்டிமீட்டர்:
இவருக்கு எழுத்து நடை தெரிகிறது, வோல்டேஜ் நடைதான் தெரியவில்லை.

ஸ்பானர்_30வருடம்:
மரியாதை. தம்பி, நீங்கள் ஒன்று பண்ணுங்கள். பேட்டரி நெகடிவ் டெர்மினலைக் கழற்றி அரை மணி நேரம் விட்டு மாட்டுங்கள். லைட் போய்விடும்.

கிரீஸ்_கை:
மூன்று தடவை பண்ணிவிட்டேன். ரேடியோ ஸ்டேஷன் எல்லாம் அழிந்தது, கடிகாரம் 12-க்குப் போனது. லைட் இரண்டு நாளில் திரும்பி வந்தது.

மல்டிமீட்டர்:
வரும். லைட்டை அணைத்தால் கோளாறு போகாது. பெரும்பாலான வண்டிகளில் கன்வெர்ட்டர் சோதனை அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் தோற்றால்தான் கம்ப்யூட்டர் லைட் போடும், அதனால்தான் உடனே வராமல் இரண்டு நாள் கழித்து வருகிறது. கேட்டதைச் செய்தீர்களா, 70-ல் கிராஃப்?

கிரீஸ்_கை:
ஞாயிற்றுக்கிழமைதான் முடியும். பக்கத்து சீட்டுக்கு ஆள் வேண்டும், வீட்டில் வர மாட்டேன் என்கிறாள்.

மதுரை_ரோடு:
ஞாயிறு பங்க்கில் இ20 இல்லாத பெட்ரோல் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். நான் சொன்னது அப்போது தெரியும்.

ஸ்பானர்_30வருடம்:
ஞாயிறு வரை எதற்கு? 0.7 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மேலே இருக்கிறது, அழித்துவிடாதீர்கள். ஒரிஜினல் சென்சார் வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

மல்டிமீட்டர்:
இன்னொரு சென்சாரா? அந்தக் காசை வால்வு சீலுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்பானர்_30வருடம்:
அசையாதது செத்தது.